வேன் அக்கா உட்காருவதில்லை

அவர் உட்கார்ந்து நான் பார்த்தது வேனின் ஓட்டுநர் இருக்கையில் மட்டும்தான். அதையும் உட்கார்ந்திருந்தார் என்று சொல்வது முழுக்கச் சரியல்ல. இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, எடை முழுவதையும் இடது தொடையில் போட்டிருப்பார். அடிவயிற்றில் ஒரு சுடுநீர்ப் பை. அது நழுவாமலிருக்கப் பழைய கைலித் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கையிலிருந்து எழும்புவார். பச்சை விழுந்ததும் இறங்குவார். பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு இது பழகிப்போயிருந்தது. என் மகள் வீட்டு நாற்காலியில் அமர்ந்து வேன் ஓட்டி விளையாடும்போது நடுநடுவே எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். வேன் ஓட்டுவது என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

எல்லாருக்கும் அவர் வேன் அக்கா. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். எப்போதும் கறுப்புக் காற்சட்டை. "கறுப்புல ஒண்ணும் தெரியாது தங்கச்சி" என்றார் ஒருமுறை, நான் கேட்காமலே. கணவர் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை செய்தார். வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் இல்லை. கல்யாண மண்டபங்களில் அவர் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரமாக இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டிருப்பார். பந்திக்கு அழைத்தால், "இவரு சாப்பிடுவாரு" என்று கணவரைக் கைகாட்டுவார். வேன் ஓட்டிக் காசு பார்த்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் தூரம். பத்து காஜாவைத் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் அது இருக்கிறது. இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள், ஆட்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவை தமிழ்ப்பள்ளியும், அதன் வேலிக்கு வெளியே ஒற்றை ரப்பர்ப் பால்மரமும், மரத்தடியில் முனியாண்டியும்தான். சாமி இருந்ததால் அந்த ஒரு மரத்தை மட்டும் யாரும் வெட்டத் துணியவில்லை. பள்ளியை மூடிவிடாமல் இருக்கப் பட்டணத்துப் பிள்ளைகள் வேன்களில் வந்தார்கள்.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழுக்கு ஈப்போ செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு. முதலாம் ஆண்டில் சேர்ந்த மகள் தனியாக ஏற மறுத்து அழுததால், வெள்ளிதோறும் நானும் வேனில் போய், பள்ளி முடியும்வரை இருந்து, கூடவே திரும்பினேன். வேன் அக்காவை நான் அறிந்தது அப்படித்தான்.

வழியில் இருக்கும் கழிப்பறைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்தப் பெட்ரோல் எண்ணெய் நிலையத்தில் தண்ணீர் வராது, எந்தக் கடையில் பூட்டி வைத்திருப்பார்கள் என்று தெரியும். பத்து காஜா சாலையில் ஒரு பாய் கடை இருந்தது. கடைக்காரர் வேனைக் கண்டதும் பின்கட்டுச் சாவியை மேசை ஓரத்தில் எடுத்து வைத்துவிடுவார். இவர் பின்னால் போய் வருவதற்குள், தேநீர் போடும் வெந்நீரைச் சுடுநீர்ப் பையில் நிரப்பி வைத்திருப்பார். "ஏன் அக்கா, பாய் ஒருநாளாச்சும் என்ன ஏதுன்னு கேட்டாரா?" என்றேன். "கேட்டிருந்தா நான் வேற கடைக்குப் போயிருப்பேன்லா" என்றார்.

கேட்காமல் இருந்தால் அவராகவே சொல்வார். ஆனால் ஒரே மூச்சில் அல்ல; வண்டி வளையும்போது ஒன்று, மேடு ஏறும்போது ஒன்று. இடைநிலைப்பள்ளியில் காலைச் சபைக்கூடலின்போது மயங்கி விழுந்தது. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றது. கல்யாணம் ஆனபின், ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றது. ஏறிய கிளினிக்குகளில் எல்லாம் காஸ்ட்ரிக் மாத்திரை கொடுத்தது. முப்பதைத் தாண்டியபின் ஒரு பெண் மருத்துவர் வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தபோதுதான் பெயர் தெரிந்தது: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்கு உள்ளே வளரவேண்டிய சவ்வைப் போன்ற ஒன்று வெளியே, குடல்மேலும் சூல்பைமேலும் பற்றி வளர்வது. அறுவைச் சிகிச்சையில் எடுத்தார்கள். கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. பிறகு திரும்பி வந்தது.

"லாலான் தெரியும்ல தங்கச்சி?" என்றார். தோட்டத்துக் களைப்புல், வெட்டினாலும் எரித்தாலும் வேரிலிருந்து கிளம்பும். "எங்கப்பா லாலானுக்கு மருந்தடிச்சே கிழவனானாரு. லாலான முழுசா ஒழிச்ச தோட்டம் எங்கயாச்சும் இருக்கா? அடக்கித்தான் வச்சிருந்தாங்க. நானும் அடக்கித்தான் வச்சிருக்கேன்."

அடக்கி வைக்கத் தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை. அது மாதவிடாயைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஏதோ ஒரு நாள் கசியும். எந்த நாள் என்று அதற்கே தெரியாது. வலிக்கு ஒரு மாத்திரை இருந்தது, தூக்கம் வரவழைக்கும் மாத்திரை. பிள்ளைகளைக் கடைசியாக வீட்டில் இறக்கிவிடும்வரை அதைத் தொடமாட்டார். காலைக்கும் மதியத்துக்கும் இடையில் வலியைத் தாங்க அவருக்கு இருந்த ஒரே வழி நடப்பது. "உக்காந்தா அது எந்திரிச்சிக்கும்" என்பார்.

பிள்ளைகளை விட்டுவிட்டு வீடு திரும்பினால் எண்ணெய்க் காசு கட்டாது. எனவே மதியம்வரை பள்ளிக்கு வெளியேதான் இருப்பார். செம்மண் பாதையில் லாரிகள் போகும். செம்பனைக்குள் பாம்பு. கூட்டிப் பெருக்கிய சமதரையும் நிழலும் இருந்த ஒரே இடம் முனியாண்டி மரத்தடி. சாமி இடம் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தையும் பீடத்தையும் சுற்றிச் சுற்றி நடந்தார்.

வெறுங்காலோடு, தினமும், சாமியைச் சுற்றி, வாய் திறக்காமல். பிள்ளை இல்லாத பெண். பார்ப்பவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

முதலில் சொன்னது பள்ளிச் சிற்றுண்டிச்சாலை அக்கா. பெரிய குரல், பெரிய மனசு, வாயில் எதுவும் தங்காது. "நீ என்னத்தக் கேட்டுச் சுத்துறேன்னு எனக்குத் தெரியும்லா. நீ சுத்து, முனியாண்டி குடுப்பாரு" என்று ஒரு தட்டில் மீகூன் சேமியா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வேன் அக்கா மறுக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் வெள்ளிக்கிழமைகளில் ஒன்றிரண்டு பெண்கள் வந்தார்கள். எலுமிச்சை, கற்பூரம். அவருக்குப் பின்னால் நடந்தார்கள். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். பத்து காஜாவிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். இவர் வேகமாக நடந்தால் அவர்களும் வேகமாக நடந்தார்கள். வலி சுருட்டும்போது இவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தால், அவர்களும் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அந்தக் காட்சியை நான் சிரிக்காமல் பார்த்தேன். 

ஒரு வெள்ளிக்கிழமை கிளையில் மஞ்சள் துணியில் சின்னத் தொட்டில் ஒன்று தொங்கியது. பிள்ளை வரம் கேட்பவர்கள் கட்டுவது.

"யாருக்கு?" என்றார் வேன் அக்கா.

"உனக்குத்தான்லா. என் செலவு" என்றார் சிற்றுண்டிச்சாலை அக்கா.

 வேன் அக்கா, ஆறிப்போன சுடுநீர்ப் பையை வயிற்றிலிருந்து அவிழ்த்து, தொட்டிலுக்குள் போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். பார்த்தவர்கள் அதையும் வேண்டுதலின் ஒரு முறை என்றே எடுத்துக்கொண்டார்கள். மறுவாரம் இன்னொரு பெண் ஒரு சுடுநீர்ப் பை வாங்கிவந்திருந்தார்.

"உண்மையச் சொல்லிடலாமே அக்கா?" என்று வேனில் கேட்டேன்.

"வலின்னு சொன்னா என்ன வலி, எதனால, எப்ப இருந்துன்னு கேப்பாங்க. வலியோட எப்படி எங்க பிள்ளைங்கள வச்சு வண்டி ஓட்டுறேன்னும் கேப்பாங்க. வேண்டுதல்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வழி விடுவாங்க."

 அது அவர் பிழைப்பு, அவர் நடைபாதை. என்றாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. அது அவருக்கும் தெரியும். தீட்டு நாளில் பெண்கள் சாமி பக்கம் போவதில்லை. அவர் எல்லா நாளும் போனார்.

அந்த ஓட்டையில் விரலை வைத்தது ஓர் இளம் ஆசிரியை. பாகான் டத்தோவைச் சேர்ந்தவர், கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகியிருக்காது. பத்து காஜாவில் அறை எடுத்துக் கணவனோடு தங்கியிருந்தார். மாதம் ஒருமுறை எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பு எடுப்பார். தலைமையாசிரியர் முகம் சுளிப்பார். வகுப்பில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவார் என்று என் மகளே சொல்லியிருக்கிறாள். சிற்றுண்டிச்சாலை அக்கா அவரையும் மரத்தடிக்கு அனுப்பிவைத்தார்: "ஒரு மண்டலம் சுத்து டீச்சர். பிள்ளையும் தங்கும், வலியும் ஓடும்."

ஆசிரியை ஓய்வு வேளையில் வந்து வேன் அக்காவுக்குப் பின்னால் நடந்தார். வேன் அக்கா சில நாளில் கண்டுகொண்டார். "அந்தப் பிள்ள கை வைக்கிற எடம் பாத்தீங்களா?" என்றார் என்னிடம். "நான் வைக்கிற அதே எடம்."  அன்று திரும்பும் வழியெல்லாம் சிவப்பு விளக்கு இல்லாத இடத்திலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

அடுத்த வெள்ளி. மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள். சிற்றுண்டிச்சாலை அக்காவும் கை துடைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆசிரியை நடந்தபடியே, பின்னாலிருந்து, மெல்லிய குரலில்தான் கேட்டார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அக்கா, எனக்கு மண்டலம் முடியவே மாட்டேங்குது. பாதியில பாதியில தீட்டாயிடுது, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன். நீங்க எப்படி ஒருநாளும் விடாம சுத்துறீங்க? அந்த நாள்ல எப்படிக் கணக்கு வைப்பீங்க?"

வேன் அக்கா நிற்கவில்லை. "ஆஸ்பத்திரி போனியா நீ?" என்றார்.

"நிபுணரப் பாக்கச் செவ்வாய்க்கிழம தேதி குடுத்திருக்காங்க. மாசக்கணக்கா காத்திருந்து கெடச்சது. ஆனா மண்டலம் முடியறதுக்குள்ள போனா வேண்டுதல் கலைஞ்சிடும்னு மாமியார் சொன்னாங்க. போகலேன்னு போன் பண்ணிச் சொல்லப்போறேன்."

வேன் அக்கா அந்தச் சுற்றை முடித்தார். பீடத்துக்கு எதிரே வந்து நின்றார். அவர் நின்றதும் பின்னால் வந்த எல்லாரும் நின்றார்கள்.

"நான் வேண்டிக்கல" என்றார். "ஒரு நாளும் வேண்டிக்கல. எனக்கு உக்கார முடியாது. வயித்துல நோய். நடந்தா கொஞ்சம் தஹான் பண்ணலாம், தாங்கிக்கலாம், அதான் நடக்குறேன். இங்க நெழல் இருக்கு, அதான் இங்க நடக்குறேன். ரத்தம் வர்ற நாள்லயும் நடந்தேன். இன்னைக்கும் வருது."

செம்பனைக்குள் எங்கோ குலை வெட்டும் சத்தம் கேட்டது.

"அடிப்பாவி!" என்று சிற்றுண்டிச்சாலை அக்கா தலையில் கைவைத்தார். "நானும்ல உன் பின்னால சுத்தினேன்! என் மகனுக்கு வேலை கெடைக்கணும்னு!"

"கெடச்சிச்சுல்ல?"

"கெடச்சிச்சு. தஞ்சோங் மாலிம்ல."

"எங்க வீட்டுக்காரரு சூப்பர்வைசர்ட்ட சொல்லி வாங்கிக் குடுத்தாரு. முனியாண்டி இல்ல."

ஒரு பெண் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். ஆசிரியை சிரிக்கவில்லை.  வேன் அக்கா அவரிடம் மட்டும் பேசினார்.

"எனக்குப் பேரு தெரியறதுக்கே பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. சுத்துனா போவும், கல்யாணம் பண்ணுனா போவும்னு சொல்லிச் சொல்லியே ஆச்சு. உனக்கும் அதேதான்னு நான் சொல்லல, நான் டாக்டர் இல்ல. செவ்வாய்க்கிழம பிள்ளைங்கள விட்டுட்டு இங்கயே நிப்பேன். நீ வண்டியில ஏறு. தலைமையாசிரியர்ட்ட சொல்லிட்டு வா."

பெண்கள் எலுமிச்சைகளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். சுடுநீர்ப் பை வாங்கியவர் அதையும் எடுத்துக்கொண்டு போனார். மணி அடிப்பதற்குள் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி போய்விட்டது. மாலைக்குள் இரண்டு குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிக்கொண்டதாக அதே குழுவில் எழுதின. ஒன்று தீட்டுக்காக, மற்றொன்று வலியோடு ஓட்டும் வண்டி ஆபத்து என்பதற்காக. இரண்டாவது காரணத்தை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் மாத்திரையைத் தொடாமல் அவர் ஓட்டிய ஒவ்வொரு காலையும் எனக்குத் தெரியும். என் மகளை நான் மாற்றவில்லை.

மறுவெள்ளி முனியாண்டி கோயில் தலைவர் வந்திருந்தார். ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்; பிறந்தது அதே தோட்டத்து லயன் வீட்டில். மஞ்சள்நீர் தெளித்து, மரத்தைச் சுற்றி நான்கு கம்பிகள் நட்டுச் சங்கிலி கட்டிக்கொண்டிருந்தார். வேன் அக்கா சங்கிலிக்கு வெளியே நின்றார்.

"ஒன்னயக் கோவிச்சு என்ன ஆவப்போவுது" என்றார் தலைவர். "ஆனா ஒரு வழிமொற இருக்குல்ல?"

"எங்கம்மா அந்த நாள்லயும் இதே தோட்டத்துல பால் வெட்டினாங்க அண்ணே. மரம் பால் குடுக்காமயா போச்சு?"

"மரம் வேற, சாமி வேற."

"அந்த மரத்தடியிலதான அண்ணே சாமிய வச்சீங்க."

தலைவர் சங்கிலியின் கொக்கியை மாட்டினார். அது சரியாக மாட்டவில்லை, மறுபடி மாட்டினார். "முனியாண்டி கோவக்காரருமா. கோவிச்சிருந்தா என்ன பண்ணுவே?"

"இத்தன வருஷமா கோவிக்கலையே."

"கோவிக்கலன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

 வேன் அக்காவின் கை, வயிற்றில் பழக்கப்பட்ட இடத்துக்குப் போனது. "தெரியாது" என்றார். "வலி தாங்க முடியாத நாள்ல நானும் அத நெனச்சிருக்கேன். இது அவரு குடுத்த தண்டனையோன்னு. நெனச்சுக்கிட்டேதான் சுத்துனேன். வேற எங்க போவேன் அண்ணே?"

தலைவர் அவரைப் பார்க்காமல், "வெயில்ல நிக்காத, போம்மா" என்றார். சங்கிலியை அவிழ்க்கவில்லை. தொட்டிலை மட்டும் அவரும் தொடவில்லை. ஒருவர் கட்டிய வேண்டுதலை இன்னொருவர் அவிழ்ப்பதில்லை.

அதன்பிறகு அவர் வேனையே சுற்றி நடந்தார். வெயில் ஏற ஏற வேனின் நிழல் ஒடுங்கும். அவர் சுற்றும் சுற்றும் ஒடுங்கும். சில வாரங்கள் சிற்றுண்டிச்சாலை அக்கா அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் பெரிய குடை ஒன்றைக் கொண்டுவந்து வேன் கண்ணாடியில் மாட்டிவிட்டு, "ஒனக்கில்ல, வண்டிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேதி குடுத்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமையே ஆசிரியை வேனில் ஏறியிருந்தார். ஸ்கேனில் சூல்பையில் கட்டி தெரிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்தபோது, வேன் அக்கா சந்தேகித்த அதே பெயர்தான். அவர் மாற்றலாகி ஊர்ப் பக்கம் போனபின் எப்படி இருக்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். "அடக்கி வச்சிருக்கா" என்றார் வேன் அக்கா, மேடு ஏறியபடி.

என் மகள் ஆறாம் ஆண்டை முடித்தாள். எங்கள் வெள்ளிக்கிழமைகளும் முடிந்தன. வேன் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது சென்ற ஆண்டு, ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் மகளிர் பிரிவில். நான் என் பரிசோதனைக்குப் போயிருந்தேன். எண் கூப்பிடும்வரை எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவர் மட்டும் நாற்காலி வரிசைகளைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கறுப்புக் காற்சட்டை, இடுப்பில் கைலித் துணி. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நிற்கவில்லை.

எனக்கு முன் வரிசையில் ஒரு தாயும், பள்ளிச் சீருடையில் மகளும். மகள் முழங்காலில் நெற்றியை வைத்துச் சுருண்டிருந்தாள். வேன் அக்கா மீண்டும் கடந்தபோது தாய் சத்தமாகவே சொன்னார்: "கோயில்னு நெனச்சாங்க போல. ஆஸ்பத்திரியிலயும் பிரதட்சணமா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேன் அக்கா திரும்பி வந்தார். கோபம் இல்லை. பிள்ளைகளிடம் பெல்ட் போடச் சொல்லும் அதே குரல்.

"வேண்டுதல் இல்லங்க. எண்டோமெட்ரியோசிஸ். உக்கார முடியல."

சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார். மகள் நெற்றியை நிமிர்த்தி அவர் போவதைப் பார்த்தாள். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள்.

"உக்காருடி, நம்பர் கூப்பிடுவாங்க."

"என்னாலயும் முடியலம்மா."

வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவள் நடக்கத் தொடங்கினாள். வரிசையின் அந்தக் கடைசியில் வேன் அக்கா நின்றிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் வந்து சேரும்வரை அசையாமல் நின்றார்.